கல்லடிச் சனிக்கிழமைக் கூடல்: தலைக்காயக்காரருக்கும் வீட்டாருக்கும் எவ்வளவு பயன்?

தலையில் அடிபட்டவரை வைத்தியசாலை டயக்னோசிஸ் கார்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடும். கை கால் சுகமாக இருக்கும், கதையும் வரும். ஆனால் காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்திருப்பார், சின்ன விஷயத்துக்கும் கத்துவார், சொல்லாமல் குளிக்க மாட்டார். மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பொது மண்டபத்தில் சனி காலைகளில் நடக்கும் கூடல் இந்த நிலையில் இருக்கிற வளர்ந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்குமானது. தொண்டர்கள் நடத்துகிறார்கள், கட்டணம் இல்லை. சின்ன முயற்சி, குறைகளையும் எழுதப் போகிறோம் என்பதால் பெயரைப் போடவில்லை. பிசியோவை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நினைவுக் கொப்பிக்காகவும் வீட்டாருக்கான தனி மணித்தியாலத்துக்காகவும் போனால் பஸ் காசு வீண்போகாது.

காலை 9 மணிக்குக் கொப்பி வேலை தொடங்குகிறது. கையில் அடங்குகிற சின்னக் கொப்பி, பேனையை நூலில் கட்டி அதிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். முதல் பக்கத்தில் பெயர், வீட்டு நம்பர், குடிக்கும் மருந்துகள், ‘எனக்குத் தலையில் காயம், வலிப்பு வரலாம்’ என்ற வரி. அதற்குப் பிறகு ஒரு நாளுக்கு இரண்டு பக்கம்: இடப்பக்கம் இன்று செய்ய வேண்டியவை, வலப்பக்கம் செய்து முடித்தவை. கடைசிப் பக்கங்களில் ஆட்களின் படமும் உறவுமுறையும். இதில் புதுமை ஒன்றுமில்லை. பழக்குகிற விதத்தில்தான் கெட்டித்தனம் இருக்கிறது.

‘நினைவிருக்கா, யோசிச்சுப் பாருங்க’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஞாபகம் கெட்டவர் ஊகித்துப் பிழையாகச் சொன்னால் அந்தப் பிழையே மனதில் பதிந்துவிடும். பிழை விட்டது மறந்துபோகும், சொன்ன சொல் தங்கிவிடும். அதனால் விடையை முதலில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ‘மருந்துப் பெட்டி எங்க?’ ‘குசினி ராக்கையில.’ 30 செக்கன் கழித்து அதே கேள்வி, பிறகு 1 நிமிடம், 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டிப்பாக்குகிறார்கள். தவறினால் உடனே விடையைச் சொல்லி, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புகிறார்கள். காசில்லாமல் வீட்டிலும் செய்யக்கூடிய முறை இது. ஒரே நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள்.

வீட்டுக்குப் போனதும் கொப்பி ஏன் படுத்துவிடுகிறது? அவர் எழுதப் பிந்துகிறார் என்று மனைவி எழுதத் தொடங்குவார். அன்றோடு அது மனைவியின் கொப்பி. இன்னும் சில வீடுகளில் சுவரில் கலண்டர், போனில் குறிப்பு, கொப்பி என்று மூன்றும் இருக்கும், எதைப் பார்ப்பது என்று அவருக்கே தெரியாது. போன் அலாரத்தையும் வெறும் மணியாக வைத்தால் நிறுத்திவிட்டு எதற்கு அடித்தது என்று மறந்துவிடுவார். ‘மருந்து, நீலப் பெட்டி, தண்ணி’ என்று திரையில் வருமாறு எழுதி வையுங்கள். இதையெல்லாம் தொண்டர்கள் பொறுமையாகச் சொல்கிறார்கள்.

10 மணிக்குப் பிறகு நடப்பதில் எங்களுக்குத் திருப்தி இல்லை. கரம் விளையாட்டு ஒரு மூலையில், தேத்தண்ணி போடும் பயிற்சி இன்னொரு மூலையில், நடுவில் மைக். காயப்பட்ட மூளைக்கு வேண்டாத சத்தத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. அரை மணித்தியாலத்தில் முகம் சோர்ந்து, பதில் குறுகி, எரிச்சல் வருகிறது. இவ்வளவும் தெரிந்தவர்கள் ஓய்வுக்கு ஒரு அறை ஒதுக்காமல் இருப்பது விளங்கவில்லை. பாய் ஒன்று கொண்டுபோய்ப் பின் விறாந்தையில் படுக்க விடுங்கள். தேத்தண்ணிப் பயிற்சி மட்டும் அருமை: கேத்தலை அடுப்பில் வைப்பதிலிருந்து அடுப்பை அணைப்பது வரை ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. எல்லாப் படியையும் வாயால் சொல்லத் தெரிந்தவர் எழும்பவே மாட்டார். நெற்றிப்பக்க மூளை அடிபட்டால் தொடங்கும் திறன் போய்விடும். ஊர் அதைச் சோம்பல் என்கிறது. முதல் அட்டையைக் கையில் கொடுத்தால் மீதியைத் தானே செய்கிறார்.

அதே நேரம் பக்கத்து அறையில் வீட்டார் மட்டும் இருக்கும் மணித்தியாலம் நடக்கிறது. இந்தக் கூடலின் உயிர் அதுதான். கோபம் பற்றி மூன்று நிரல் போட்டு எழுதச் சொல்கிறார்கள்: முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு நாங்கள் என்ன செய்தோம். இரண்டு கிழமை எழுதினாலே பசி, களைப்பு, இரண்டு பேர் ஒன்றாகக் கதைப்பது, அவசரப்படுத்துவது என்று காரணங்கள் தெரியத் தொடங்கும். ‘அக்கா, அந்த நேரம் வாதாடாதீங்க. தண்ணி குடுங்க, வெளிய போங்க. மறுகா கதைங்க’ என்று நடத்துகிற பெண் சொல்வது புத்தகத்தில் இருப்பதைவிடத் தெளிவு. ‘எனக்கு ஒண்டுமில்ல, மோட்டார் சைக்கிள் சாவியத் தாங்க’ என்பவர் பொய் சொல்லவில்லை. தன் குறையை அறியும் திறனையும் காயம் கொண்டுபோயிருக்கும். சாவிக்கு வீட்டார் ‘இல்லை’ சொன்னால் சண்டைதான். ‘டொக்டர் எழுதித் தந்த பிறகு’ என்பதை அவர் கையாலேயே கொப்பியில் எழுத வைக்கச் சொல்கிறார்கள். வெட்கம் கெட்ட பேச்சு, ஆட்களைத் தொடுவது, கேட்டவனுக்கெல்லாம் காசைத் தூக்கிக் கொடுப்பது எல்லாமே அந்த அறையில் மறைக்காமல் பேசப்படுகின்றன.

வலிப்பு பற்றிய பாடமும் நன்று. பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் அம்புலன்சுக்கு, 1990 க்கு அடியுங்கள். கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் உதவாது, காயம்தான் வரும். பெனிற்றோயின், கார்பமசெபின், வல்புரோவேற் போன்ற வலிப்பு மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அடுக்கடுக்காக வலிப்பு வரலாம். கிளினிக் திகதிக்கு முன் மாத்திரை முடிகிறதா என்று எண்ணிப் பாருங்கள். கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், வலிப்பைக் கிளப்பும். கட்டில்லாத கிணற்றடியில் குளிப்பதும், வாவியில் தனியாக வலை வீசுவதும் வேண்டாம்.

அவர்கள் தொடாத இரண்டை நாங்கள் சேர்க்கிறோம். அடிபட்ட பலருக்கு மணம் தெரியாது, ஆகவே காஸ் கசிவு, பழுதான மீன் இரண்டையும் வேறொருவர் பார்க்க வேண்டும். யுத்த காலத்தில் தலையிலோ உடம்பிலோ செல் துண்டு தங்கியவர்கள், எம்.ஆர்.ஐ. எடுக்க முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தப்புலத்தில் உலோகம் அசையலாம், சூடேறலாம்.

உதவிப்பணத்துக்கான கடிதம் எழுத உதவுவது பெரிய சேவை. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் முன் இவர் நன்றாக நடப்பார், நன்றாகக் கதைப்பார். ஊனம் கண்ணுக்குத் தெரியாது. ‘ஞாபக மறதி’ என்று எழுதாமல் ‘மிச்சக் காசு எண்ணத் தெரியாது, தனியே விட்டால் வீடு திரும்ப வழி தெரியாது’ என்று எழுத வைக்கிறார்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு டயக்னோசிஸ் கார்டின் பிரதியைக் கொடுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் விடாதீர்கள்.

தலைக்காயக்காரர் என்று காட்டும், கழுத்தில் தொங்கவிடும் அட்டையும் தருகிறார்கள். பிரித்தானியாவில் மூளைக்காயக்காரருக்காக இயங்கும் ஹெட்வே அமைப்பு 2017 இல் வெளியிட்ட அடையாள அட்டையைப் போன்றது. தள்ளாடி நடந்து குழறிப் பேசுபவரைக் குடிகாரன் என்று பொலிஸ் மறிக்கும்போது இது காப்பாற்றும். ஆனால் தமிழில் மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். அம்பாறைப் பக்கம் போகிறவருக்குச் சிங்களமும் வேண்டாமா?

வாசலில் படிகள், சாய்தளம் இல்லை. மலசலகூடக் கதவு உள்ளே தாழ் போடுவது, வலிப்புக்காரருக்கு அது ஆபத்து. கதவைச் சாத்திவிட்டு வெளியே ஒருவர் நில்லுங்கள். கல்முனையிலிருந்து வருபவர்களுக்கு மட்டக்களப்பு பஸ் கல்லடியாலேயே போகிறது, சுமார் 40 கிலோமீற்றர். கொக்கட்டிச்சோலைக்காரருக்கு மண்முனைப் பாலம் இருக்கிறது. மண்டூர், வெல்லாவெளிப் பக்கத்தவருக்குத்தான் பாடு: துறை தாண்டி, பஸ் பிடித்து, யானை வரும் நேரத்துக்கு முன் வீடு சேர வேண்டும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாதம் ஒரு தரமாவது கூடல் நடத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

தலையிடி நாளுக்கு நாள் கூடுகிறது, வாந்தி எடுக்கிறார், வழக்கத்தைவிட நித்திரையாகக் கிடக்கிறார், ஒரு பக்கம் புதிதாகப் பலவீனம் என்றால் சனிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம். வயதானவர்களுக்கு விழுந்து வாரங்கள் கழித்தும் மண்டையோட்டுக்குள் இரத்தம் தேங்கலாம். நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், பழைய ஸ்கேனையும் கையோடு கொடுங்கள்.