தன் கதையைத் தானே சொல்லும் கலைஞர்: ‘மை நேம் இஸ் குல்பிலில்’ ஆவணப்படம்

ஆஸ்திரேலியப் பழங்குடி நடிகர் டேவிட் குல்பிலிலின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் விலைக்கு வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ கட்டாயம் பார்க்க வேண்டிய படம், மாலி ரெய்னால்ட்ஸ் இயக்கத்தில் 2021இல் வெளிவந்த ‘மை நேம் இஸ் குல்பிலில்’. ஒரு நடிகரைப் பற்றிய ஆவணப்படம் என்றால் உடன் நடித்தவர்களும் இயக்குநர்களும் விமர்சகர்களும் வரிசையாக வந்து புகழ்ந்துவிட்டுப் போவார்கள். இங்கே அந்த வரிசை இல்லை. குல்பிலில் மட்டுமே கேமராவை நேராகப் பார்த்து, தான் யார் என்பதைத் தன் குரலில், தன் வேகத்தில் சொல்கிறார். ஐம்பது ஆண்டுகளாகப் பிறர் எழுதிய பாத்திரங்களையே பெரும்பாலும் ஏற்று நடித்த ஒருவருக்குத் தன் கதையைச் சொல்லும் உரிமை முழுதாகக் கிடைத்திருப்பதே இந்தப் படத்தின் முதற்பெரும் சிறப்பு. தயாரிப்பாளர்களில் ஒருவராக அவர் பெயரும் இடம்பெற்றிருப்பது வெறும் மரியாதைக்காக அல்ல என்பது படத்தைப் பார்க்கும்போது விளங்கும்.

2017இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவின் முரே பிரிட்ஜ் நகரில், பராமரிப்பாளர் ஒருவரின் துணையோடு அவர் சிகிச்சை பெற்றுவந்த காலத்தில்தான் இந்தப் படம் எடுக்கப்பட்டது. படம் முடியும் முன்பே அவர் மறைந்துவிடுவார் என்று நினைத்தே படக்குழு தொடங்கியது. அவரோ மருத்துவர்களின் கணிப்பைக் கடந்து வாழ்ந்து, 2021 மார்ச்சில் அடிலெய்டு விழாவில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது நேரில் வந்து கலந்துகொண்டார். அதே ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் காலமானார். இந்தப் பின்னணியை அறிந்து பார்க்கும்போது, வீட்டு வாசலில் இருக்கும் அஞ்சல் பெட்டிவரை அவர் மெல்ல நடந்து சென்று திரும்பும் காட்சி எத்தனை பொறுமையோடு எடுக்கப்பட்டிருக்கிறது என்பது புரியும். காட்சியை வெட்டிச் சுருக்காமல் அவருடைய நடைக்கு ஏற்பப் படம் காத்திருக்கிறது. காட்டில் வேட்டையாடி வளர்ந்தவர், பாதத்தின் ஒவ்வொரு அசைவாலும் பேசத் தெரிந்த நடனக்காரர். அந்த உடல் மூச்சுக்குத் திணறுவதைக் காண்பது எளிதல்ல. ஆனாலும் இரக்கத்தைப் பிழிந்தெடுக்கும் இசையோ பின்னணிப் பேச்சோ அங்கே திணிக்கப்படவில்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்காகவே இயக்குநரைப் பாராட்ட வேண்டும்.

அவர் பிறந்தது வடக்கு ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லேண்ட் பகுதியில், யோல்ங்கு மக்களின் மண்டல்புயங்கு குலத்தில். பிறந்த நாள் எங்கும் பதிவாகவில்லை; 1953 என்பது கிறித்தவ மிஷனரிகள் உத்தேசமாகக் குறித்த ஆண்டு. மனிங்ரிடாவில் நடனமாடிக்கொண்டிருந்த சிறுவனைப் பிரிட்டிஷ் இயக்குநர் நிக்கோலஸ் ரோக் கண்டெடுத்து, 1971இல் வெளிவந்த ‘வாக்கபவுட்’ படத்தில் நடிக்க வைத்தார். பழங்குடி மக்களையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க வகைசெய்த 1967ஆம் ஆண்டு வாக்கெடுப்பு முடிந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பழங்குடிப் பாத்திரங்களில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கருமை பூசிக்கொண்டு நடிக்கும் வழக்கமும் முற்றிலும் ஒழிந்திருக்கவில்லை. அத்தகைய சூழலில், அழகும் மிடுக்கும் கொண்ட ஒரு யோல்ங்கு இளைஞன் உலகத் திரையில் தன் மொழியிலேயே பேசித் தோன்றியது சாதாரண நிகழ்ச்சியன்று. அந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரைக்கூடப் பிழையாகக் ‘கும்பிலில்’ என்றே போட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

1976இல் ‘ஸ்டார்ம் பாய்’, அடுத்த ஆண்டு பீட்டர் வியரின் ‘தி லாஸ்ட் வேவ்’, 1986இல் ‘க்ரோக்கடைல் டண்டி’ எனப் புகழ் வளர்ந்தாலும், முழுப் படத்தையும் தோளில் சுமக்கும் நாயகப் பாத்திரம் 2002இல் ரால்ஃப் டி ஹீரின் ‘தி ட்ராக்கர்’ வரும்வரை அவருக்கு வாய்க்கவில்லை. 1922இல் நடப்பதாக அமைந்த அந்தக் கதையில், குதிரைகளில் வரும் வெள்ளையர்களுக்கு முன்னால் கால்நடையாகத் தடம் பார்த்துச் செல்லும் வழிகாட்டியாக அவர் வருகிறார். அதிகாரியிடம் பேசும்போது பணிவான சிரிப்பு. அடுத்த கணமே தரையை நோக்கித் திரும்பும் கண்களில் அந்த அதிகாரியைக் காட்டிலும் பன்மடங்கு அறிந்தவரின் அமைதி. கழுத்தில் சங்கிலி பூட்டப்பட்ட பிறகும் பயணத்தின் போக்கைத் தீர்மானிப்பவர் அவர்தான் என்பதை வசனத்தின் துணையின்றி நமக்கு உணர்த்திவிடுகிறார். அதே ஆண்டில் வந்த ‘ராபிட்-ப்ரூஃப் ஃபென்ஸ்’ படத்திலும் தடம் பார்ப்பவர்தான்; ஆனால் தப்பியோடும் சிறுமிகளைத் தேடிச் செல்லும் அந்த மனிதர் ஏறக்குறைய மௌனமாகவே இருக்கிறார். ஒரே தொழிலைச் செய்யும் இருவரை ஒரே ஆண்டில் இத்தனை வேறுபடுத்திக் காட்ட முடிந்தவரை, இயல்பாக இருந்தார், நடிக்கவில்லை என்று சிலர் எழுதியது எனக்கு உடன்பாடில்லை. அது நுணுக்கமாகக் கணித்துச் செய்த நடிப்பு. ‘தி ட்ராக்கர்’ படத்துக்காக ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவனத்தின் சிறந்த நடிகர் விருதையும் அவர் பெற்றார்.

எனக்கு மனக்குறை தருவது, இந்த ஆவணப்படம் அவருடைய மேடை வாழ்வுக்குப் போதிய இடம் தராததுதான். 2004இல் நீல் ஆர்ம்ஃபீல்டு இயக்கத்தில், அடிலெய்டு விழாவில் ‘குல்பிலில்’ என்ற பெயரில் தன் வாழ்க்கையைத் தனி ஒருவராக அவர் மேடையேற்றினார். திரையில் இயக்குநரும் படத்தொகுப்பாளரும் முடிவு செய்வதை மேடையில் அவரே முடிவு செய்தார்: எங்கே நிறுத்துவது, எங்கே ஆடிக் காட்டுவது, பார்வையாளரை எப்போது சிரிக்க வைத்து எப்போது அமைதியில் ஆழ்த்துவது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தன. இந்த ஆவணப்படத்தில் அவர் கேமராவோடு உரையாடும் முறை அந்த மேடை அனுபவத்திலிருந்தே வளர்ந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். திரைப்படங்கள் எப்படியும் பாதுகாக்கப்படும், மேடை நிகழ்ச்சியோ பார்த்தவரின் நினைவோடு போய்விடும் என்பதால், இன்னும் பத்து நிமிடமாவது அதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

குடி, போதை, சிறை ஆகியவற்றை அவர் மறைக்கவில்லை. மனைவியைத் தாக்கிக் கையை முறித்த குற்றத்துக்காக 2011இல் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. திரையுலகம் அவரைப் பயன்படுத்திக்கொண்டு, குடிக்கவும் பழக்கியது என்பது உண்மையே. ஆயினும் அந்த வன்முறையால் காயப்பட்டவர் வேறொருவர். ஒற்றைக் குரலை மட்டுமே கேட்பது என்ற முடிவு படத்துக்கு வலிமையைத் தந்ததைப் போலவே, இந்த இடத்தில் ஒரு வெற்றிடத்தையும் விட்டுவிட்டது. அவரை மிகவும் மதிக்கும் எனக்கும் அது உறுத்தலாகவே இருக்கிறது.

சிறையில் அவரைச் சந்தித்த டி ஹீர், அவரோடு சேர்ந்து எழுதிய ‘சார்லிஸ் கன்ட்ரி’ 2014ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் ‘அன் செர்டன் ரிகார்ட்’ பிரிவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்தது. அதற்கு முன் 2006இல் வந்த ‘டென் கனூஸ்’ படத்துக்கான விதையும் அவரே போட்டது: மானிடவியலாளர் டொனால்டு தாம்சன் 1930களில் எடுத்த, சதுப்பு நிலத்தில் படகுகளோடு நிற்கும் பத்து யோல்ங்கு ஆடவரின் புகைப்படத்தை டி ஹீரிடம் காட்டியவர் குல்பிலில்தான். அந்தப் படத்தின் கதைசொல்லியும் அவரே.

படத்தின் நீளம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். ஆண்டுகளும் படப் பெயர்களும் கால வரிசையில் வருவதில்லை; ஆகவே அவரை முன்பின் அறியாதவர்கள் ‘தி ட்ராக்கர்’, ‘சார்லிஸ் கன்ட்ரி’ இரண்டையும் பார்த்துவிட்டு இதற்கு வருவது நல்லது. அவருடைய ஆங்கிலத்துக்குத் தனி ஓசையும் தனி இலக்கணமும் உண்டு என்பதால் வசன வரிகளை இயக்கிக்கொண்டு பார்ப்பதே உத்தமம். இறந்தவரின் பெயரையும் உருவத்தையும் தவிர்ப்பது யோல்ங்கு மக்களின் துக்க மரபு. அவர் மறைந்தபோது குடும்பத்தார் டேவிட் டலைத்ங்கு என்ற பெயரால் குறிப்பிடுமாறு கேட்டுக்கொண்டு, பின்னர் பழைய பெயரைப் பயன்படுத்த இசைவளித்தனர். மருத்துவமனைக் காட்சிகளும் மரணத்தைப் பற்றிய வெளிப்படையான பேச்சும் நிறைய உள்ளன. அண்மையில் நெருங்கியவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்கள் சிறிது காலம் கழித்துப் பார்க்கலாம். நடிப்புப் பயிலும் மாணவர்கள் இன்றே பார்க்கலாம்.