பெரிய வாக்காளரும் வரி விவசாயியும்: ஒரு தமிழ்வழி ஐரோப்பிய வரலாறு நோட்ஸ்

மதுரை பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கான நோட்ஸ் ஸ்பைரல் போட்டுக் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதில் ஒரு பயிற்சி மையத்தின் 'ஐரோப்பா 1500 முதல் 1789 வரை' தொகுப்புதான் இங்கே பேசப்போவது. ஏ4 தாள், இருபுறமும் அச்சு, 214 பக்கம், 260 ரூபாய். மையத்தின் பெயர் வேண்டாம். இதே பிழைகள் வேறு பல தமிழ்வழி நோட்ஸிலும் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆண்டுகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. காலை வாருவது சொற்கள்தாம். ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துத் தமிழாக்கிய கை ஒன்று இதற்குள் இருக்கிறது. அந்தக் கைக்கு வரலாறு தெரியாது.

முதலில் சிரிக்கவைக்கும் பிழை. பிரஷ்யா அத்தியாயத்தில் 'கிரேட் எலெக்டர்' பிரெடரிக் வில்லியம் 'பிராண்டன்பர்க்கின் பெரிய வாக்காளர்' ஆகிவிட்டார். அவர் எந்தப் பூத்திலும் வரிசையில் நிற்கவில்லை. புனித ரோமானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு சில இளவரசர்களுக்கு மட்டுமே உண்டு. 1356-இல் ஏழு பேர் என்று வரையறுத்தார்கள். 1648-இல் எட்டானது, 1692-இல் ஹானோவரையும் சேர்த்து ஒன்பது. 'தேர்வுரிமை இளவரசர்' என்று பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள். திருத்தாவிட்டால், ஹானோவர் கோமகன் ஒருவர் 1714-இல் பிரிட்டன் அரசராக வந்து உட்காரும்போது அவர் யார், எங்கிருந்து வந்தார் என்பது பிடிபடாது.

அவர் வந்ததற்குக் காரணமான 1701 'ஆக்ட் ஆஃப் செட்டில்மென்ட்' சட்டத்துக்கு இந்த நோட்ஸ் வைத்திருக்கும் பெயர் 'குடியேற்றச் சட்டம்'. இதைப் படித்த மாணவர் அமெரிக்கக் குடியேற்றங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு வந்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. அரியணை யாருக்குப் போகும் என்று தீர்த்துவைத்த வாரிசுரிமைச் சட்டம் அது. கத்தோலிக்கருக்கும், கத்தோலிக்கரை மணந்தவருக்கும் அரியணை கிடையாது என்றது அது. ஹானோவரின் சோபியாவுக்கும் அவருடைய புராட்டஸ்டண்ட் வழியினருக்கும்தான். அதே சட்டத்தில் தேர்வுக்கு இன்னும் முக்கியமான விதி ஒன்று உண்டு. நன்னடத்தை உள்ளவரை நீதிபதி பதவியில் இருப்பார். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கேட்டால்தான் நீக்கலாம். அரசர் நினைத்த மாத்திரத்தில் நீதிபதியை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அத்துடன் போயிற்று. நோட்ஸில் இந்த விதி இல்லவே இல்லை.

பிரான்ஸ் பகுதியில் 'டேக்ஸ் ஃபார்மர்கள்' 'வரி விவசாயிகள்' ஆகி வருகிறார்கள். நம் ஊரில் இதற்கு நூற்றாண்டுகளாக ஒரு சொல் இருக்கிறது: குத்தகை. சந்தைக் குத்தகை, சைக்கிள் ஸ்டாண்டு குத்தகை, சாலையோரப் புளியமரக் குத்தகை எல்லாம் ஒரே கணக்குத்தான். ஏலத்தில் எடுத்தவர் தொகையைக் கட்டிவிடுவார், வசூல் அவர் பாடு, மிஞ்சியது அவருக்கு. பிரெஞ்சு அரசர் உப்பு வரி, புகையிலை, சுங்கம் முதலியவற்றை இப்படித்தான் விட்டார். போருக்கு அவசரமாகப் பணம் வேண்டும்போது குத்தகைதாரரிடம் முன்பணமும் கடனும் வாங்கலாம் என்பது அரசருக்கு வசதி. மக்கள் கொடுத்ததில் எவ்வளவு கஜானாவுக்கு வந்தது என்று கஜானாவுக்கே சரியாகத் தெரியாமல் போனது அதற்குக் கொடுத்த விலை. ஒன்றைக் கவனியுங்கள்: 'தாய்' (taille) என்ற நேரடி வரி குத்தகையில் விடப்படவில்லை, அதை அதிகாரிகளும் ஊர்க்காரர்களும் வசூலித்தார்கள். நோட்ஸ் இரண்டையும் ஒரே குண்டானில் கொட்டிவிட்டது.

இவையெல்லாம் பேனாவால் தீரும். நான்காவது பிழை அப்படித் தீராது, ஏனென்றால் அது ஒரு அத்தியாயத்தின் வாதத்தையே கெடுத்துவிட்டது. பாரிஸ் 'பார்லமென்ட்' எல்லா இடத்திலும் 'பாராளுமன்றம்' என்றே அச்சாகியிருக்கிறது. அதிலிருந்து 'இங்கிலாந்தில் பாராளுமன்றம் வென்றது, பிரான்சில் தோற்றது' என்று தடித்த எழுத்தில் ஒரு முடிவு வேறு.

பாரிஸ் பார்லமென்ட் என்பது உயர்நீதிமன்றம். அங்கே இருந்தவர்கள் நீதிபதிகள். யாரும் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. பதவியைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். 1604 முதல், பதவியின் மதிப்பில் 60-இல் ஒரு பங்கை ஆண்டுதோறும் கட்டிவந்தால் அது பிள்ளைக்குப் போகும் சொத்து. அரசரின் ஆணை அந்த நீதிமன்றப் பதிவேட்டில் ஏறினால்தான் நடைமுறைக்கு வரும். ஏற்ற மறுத்து ஆட்சேபம் எழுதி அனுப்பலாம் என்பதே அவர்கள் கையிலிருந்த பிடி. அரசர் நேரில் வந்து அமர்ந்து 'பதிவு செய்' என்றால் செய்தாக வேண்டும். 1673-இல் பதினான்காம் லூயி இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார்: முதலில் பதிவு, பிறகு ஆட்சேபம். அவர் 1715-இல் இறந்ததும் அரசப் பிரதிநிதியான ஓர்லியன்ஸ் கோமகன் பழைய உரிமையைத் திருப்பிக் கொடுத்தார். லூயியின் உயிலைத் தனக்குச் சாதகமாக மாற்ற அவருக்கு நீதிபதிகளின் தயவு வேண்டியிருந்தது.

இங்கிலாந்து நாடாளுமன்றத்தோடு ஒப்பிட வேண்டியது, குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் மூவரின் பிரதிநிதிகளும் கூடும் பிரான்சின் ஸ்டேட்ஸ் ஜெனரலைத்தான். அது 1614-இல் கூடியது, அடுத்துக் கூடியது 1789-இல். ஆகவே அந்தத் தடித்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: இங்கிலாந்தில் வரிக்கு இசைவு தரும் மன்றத்தைத் தொடர்ந்து கூட்டியே ஆகவேண்டிய நிலை வந்தது, பிரான்சில் அத்தகைய நாடு தழுவிய மன்றத்தைக் கூட்டாமலே 175 ஆண்டுகள் காலம் தள்ள முடிந்தது. எப்படி முடிந்தது என்பதுதான் பத்து மதிப்பெண் கேள்வி. பதவி விற்பனையும் குத்தகையும் கடனும் அதற்கான விடையின் முக்கால்வாசி.

வரம்பற்ற முடியாட்சி அத்தியாயம் 'நானே அரசு' என்ற வாசகத்தைக் கட்டம் கட்டித் தொடங்குகிறது. லூயி அப்படிச் சொன்னதற்குச் சமகாலச் சான்று கிடையாது. இதைவிடப் பெரிய குறை, எல்லாவற்றையும் அரசரின் குணமாகச் சொல்லிக்கொண்டு போவது: லூயி ஆடம்பரப் பிரியர், பிரெஞ்சு முதலமைச்சர் ரிஷ்லியூ தந்திரசாலி, ரஷ்யாவின் பீட்டர் முரடர். குணச்சித்திரம் மனப்பாடத்துக்கு வசதி. ஆனால் வரி யார் இசைவோடு வந்தது, படைக்கு யார் சம்பளம் கொடுத்தது என்று கேட்காமல் இந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள வழியில்லை.

பிரஷ்யாவையே பாருங்கள். பிரெடரிக் வில்லியம் 'யுங்கர்' எனப்படும் நிலப் 'பிரபுக்களை அடக்கினார்' என்கிறது நோட்ஸ். 1653-இல் நடந்தது அடக்குமுறையைவிட பேரத்துக்குத்தான் நெருக்கம். பிராண்டன்பர்க் பிரபுக்கள் ஆறு ஆண்டுகளில் 5,30,000 தாலர் தர ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்குத் தங்கள் நிலத்துக் குடியானவர்கள் மீதான அதிகாரத்தை உறுதிசெய்து வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பணம் படையாயிற்று. படை வந்தபின் அடுத்த வரிக்கு முன்போல இசைவு கேட்க வேண்டிய அவசியம் குறைந்தது. குடியானவர் தலையில் விடிந்தது.

பிரான்சிலும் லாங்கடாக், பிரிட்டனி, பர்கண்டி போன்ற மாகாணங்களில் மாகாண மன்றங்கள் தொடர்ந்து கூடி, தொகையைப் பேரம் பேசித்தான் கொடுத்தன. 'பிரபுக்கள் 1789 வரை எந்த வரியும் கட்டவில்லை' என்ற வரியும் தவறு. 1695-இல் வந்த தலைவரியும் 1710-இல் வந்த பத்தில் ஒரு பங்கு வரியும் பிரபுக்களையும் சேர்த்தே விதிக்கப்பட்டவை. சலுகை வாங்கி, குறைத்துக் கட்டி நழுவினார்கள் என்பது வேறு. டென்மார்க் இந்தத் தொகுப்பில் இல்லவே இல்லை. 1660-இல் வரம்பற்ற முடியாட்சியை ஏற்று, 1665-இல் அதை 'அரச சட்டம்' என்று எழுதியே வைத்துக்கொண்ட நாடு அது. ஒரு மதிப்பெண் கேள்விக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது.

உள்ளூர் வாசனைக்காக ஒரு பெட்டிச் செய்தி: 'ரிஷ்லியூவின் இன்டெண்டன்ட், நம் பாளையக்காரருக்கு இணையானவர்.' எண்ணம் நல்லது, இணை தலைகீழ். பாளையக்காரர் வழிவழியாக வருபவர், தன் படையும் தன் வசூலும் உள்ளவர். அவரை அனுசரிக்காமல் திருமலை நாயக்கரே ஆண்டிருக்க முடியாது. இன்டெண்டன்ட் அரசர் எழுதிக் கொடுத்த பொறுப்போடு மாகாணத்துக்கு வருபவர். பதவியை விற்கவும் முடியாது, பிள்ளைக்கு விடவும் முடியாது, ஒரு கடிதம் போட்டால் திரும்பிப் போக வேண்டியவர். பாளையக்காரரைப் போன்ற உள்ளூர்ப் பெருந்தலைகளைச் சுற்றிக்கொண்டு போவதற்காகத்தான் இன்டெண்டன்டையே அனுப்பினார்கள். ஒப்பிட ஆசையிருந்தால் வேறு ஒரு பொருத்தம் இருக்கிறது: இங்கிலாந்தில் உரிமைகள் சட்டம் நிறைவேறிய அதே 1689-இல்தான் மதுரையில் மங்கம்மாள் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஆண்டு மறக்காது, அதற்கு மேல் அந்தப் பொருத்தத்தை இழுக்க வேண்டாம்.

இனி, காசு கொடுத்ததற்கு நியாயம் செய்யும் பகுதி: இங்கிலாந்து, 38 பக்கம். இதை எழுதியவர் வேறு ஆள் என்று தோன்றுகிறது. 1628 உரிமை விண்ணப்பம், 1629 முதல் 1640 வரை நாடாளுமன்றமே இல்லாத ஆட்சி, கடற்கரைப் பகுதிக்கான கப்பல் வரியை உள்நாட்டுக்கும் நீட்டியது, அதைக் கட்ட மறுத்த ஹாம்டனின் வழக்கில் 12 நீதிபதிகளில் 7 பேர் மட்டுமே அரசர் பக்கம் நின்றது என்று ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் காரணமாக வந்து விழுகிறது. 1689-க்குப் பிந்தைய பக்கங்கள் இன்னும் நன்று. அமைதிக் காலத்தில் நாடாளுமன்ற இசைவின்றி நிலைப்படை கூடாது. படை ஒழுங்குக்கான சட்டத்தை அடிக்கடி புதுப்பித்தாக வேண்டும். ஆகவே மன்றத்தைக் கூட்டாமல் இருக்க முடியாது. 1694-இல் இங்கிலாந்து வங்கி 12 லட்சம் பவுண்டை 8 சதவீத வட்டிக்கு அரசுக்குக் கொடுத்தது. வாக்குறுதி நாடாளுமன்றத்தின் வரியால் தாங்கப்பட்டதால் கடன் கொடுத்தவருக்கு நம்பிக்கை வந்தது. அரசரின் கையைக் கட்டியதால் அரசுக்குக் கூடுதல் கடன் கிடைத்த இந்த வினோதத்தை இவ்வளவு தெளிவாக விளக்கிய தமிழ் நோட்ஸ் வேறு கண்ணில் படவில்லை.

அங்கும் மூன்று இடங்களில் பேனா வேண்டும். 1688 புரட்சியை 'இரத்தம் சிந்தாப் புரட்சி' என்பது இங்கிலாந்துக்கு ஓரளவு பொருந்தும். அயர்லாந்தில் 1690-இல் பாய்ன், 1691-இல் ஆக்ரிம் போர்கள் நடந்தன. 'அதன்பின் அரசர் பொம்மை' என்பதும் அவசரம். வெளியுறவை, அந்தப் புரட்சியால் அரசரான மூன்றாம் வில்லியம் தன் கையில்தான் வைத்திருந்தார். மசோதாவுக்கு அரச இசைவு கடைசியாக மறுக்கப்பட்டது ஆன் அரசியின் காலத்தில், 1708-இல். தத்துவவாதி ஜான் லாக் தன் அரசியல் நூலைப் புரட்சிக்காகவே எழுதினார் என்பதும் சரியில்லை; அச்சில் வந்தது 1689-இல், பெரும்பகுதி எழுதியது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே.

ஆண்டுக் குழப்பம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். அன்று இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அதனால் முதலாம் சார்லஸின் தலை விழுந்த 1649 ஜனவரி 30, பழைய ஆவணங்களில் 1648 என்றிருக்கும். உரிமைகள் சட்டத்தையும் சில பட்டியல்கள் 1688 என்று போடும். நோட்ஸில் 62-ஆம் பக்கம் ஒன்று, 71-ஆம் பக்கம் மற்றொன்று. விடைத்தாளில் 1649, 1689 என்றே எழுதுங்கள்.

கடைசி அத்தியாயம் 'அதிகாரச் சமநிலை'. இதில் பாதிப் பக்கங்கள் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்று அதிகாரப் பிரிவினையைப் பேசுகின்றன. அது ஒரு நாட்டுக்குள் நடக்கும் சங்கதி. சமநிலை என்பது நாடுகளுக்கு இடையே, எந்த ஒரு வல்லரசும் மற்ற எல்லாரையும் மிரட்டும் அளவு பெருத்துவிடாமல் பார்த்துக்கொள்வது. 'வல்லரசுச் சமநிலை' என்று தலைப்பை மாற்றினால் பாதிக் குழப்பம் போகும்.

மீதிப் பாதியிலும் உயிர் இல்லை. ஸ்பெயினின் இரண்டாம் கார்லோஸ் 1700 நவம்பரில் வாரிசின்றி இறந்தார், போர் வந்தது, 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கை, அவ்வளவுதான். சமநிலை எப்படி வேலை செய்தது என்பதை 1711 காட்டும்; அந்த ஆண்டே நோட்ஸில் இல்லை. லூயியின் பேரன் பிலிப் ஸ்பெயினை ஆளக்கூடாது என்று பிரிட்டன் பத்தாண்டு போராடியது, அதற்காக ஆஸ்திரிய இளவரசர் ஆர்ச்டியூக் சார்லஸை முன்னிறுத்தியது. 1711-இல் சார்லஸின் அண்ணன், பேரரசர் ஜோசப், பெரியம்மையில் இறந்தார். இப்போது சார்லஸ் வென்றால் ஆஸ்திரியாவும் ஸ்பெயினும் ஒரே தலையில். ஏற்கெனவே போரில் சலித்திருந்த பிரிட்டன் தன் ஆளையே கைவிட்டு, பிரெஞ்சு அரியணை உரிமையைத் துறக்கும் நிபந்தனையோடு பிலிப்பை ஏற்றது. நண்பன், எதிரி என்ற கணக்கே இதில் இல்லை.

உட்ரெக்ட் அட்டவணையில் சிசிலி ஆஸ்திரியாவுக்கு என்று இருக்கிறது. 1713-இல் அது சவாய் கோமகனுக்குப் போனது. 1720-இல்தான் சார்டினியாவுக்கு மாற்றாக ஆஸ்திரியாவுக்கு வந்தது. பிரிட்டன் பெற்றவற்றில் ஜிப்ரால்டர், மினோர்கா இருக்கின்றன. ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 4,800 அடிமைகளை 30 ஆண்டுகளுக்கு அனுப்பும் ஒப்பந்தம் விடுபட்டிருக்கிறது. நம் பக்கத்துக் கொக்கி ஒன்றையும் தவறவிட்டார்கள்: 1746-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னையை 1748 உடன்படிக்கை ஆங்கிலேயருக்குத் திருப்பிக் கொடுத்தது, வட அமெரிக்காவின் லூயிபர்க் கோட்டைக்கு ஈடாக.

முழுக்கட்டும் வாங்க வேண்டியதில்லை. கடைக்காரரிடம் கேட்டால் பகுதி பகுதியாகவும் எடுத்துத் தருகிறார்கள். இங்கிலாந்து 38 பக்கமும் ரஷ்யாவின் 14 பக்கமும் போதும். யு.பி.எஸ்.சி விருப்பப் பாடத்துக்குப் படிப்பவர்களுக்கு அதுகூடப் பின்னணி வாசிப்புதான், அங்கே உலக வரலாறு அறிவொளிக் காலத்திலிருந்து தொடங்குகிறது. வரைபடங்களை நம்ப வேண்டாம். வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்ததில் ஸ்பானிய நெதர்லாந்தும் பிரான்சும் ஒரே கரிப்பூச்சாகிவிட்டன. வெற்று ஐரோப்பா வரைபடம் ஒன்று வாங்கி, 1700, 1714 என்று இரண்டு பிரதி எடுத்து, ஸ்பெயின் அரசரின் நிலங்களை மட்டும் இரண்டிலும் வண்ணம் தீட்டிப் பாருங்கள். மிலான், நேப்பிள்ஸ், சார்டினியா, சிசிலி, ஸ்பானிய நெதர்லாந்து ஐந்தும் இரண்டாவது தாளில் வேறு நிறத்துக்குப் போயிருக்க வேண்டும்.