இரண்டே பாட்டில் என்றால் எது? பரோலோவும் ரியோஹாவும்

ஐரோப்பாவுக்குப் போகிற நண்பர்கள் திரும்பும் நேரத்தில் கேட்பது இது: "பெரிய கம்பெனி சரக்கு வேண்டாம். சிறிய அளவில், பழைய முறையில் குடும்பமாகச் செய்கிறவர்கள் ஒயின் ஒன்று சொல்லு." இந்தியாவுக்குள் வரியில்லாமல் கொண்டுவர முடிவது 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டுதான். அதனால் பட்டியல் நீளமாக இருந்து பயனில்லை. என் மனசில் எப்போதும் மோதிக்கொள்வது ஒயின் செய்யும் இரண்டு வீடுகள்: இத்தாலியில் பரோலோ ஊரின் பார்த்தோலோ மஸ்கரெல்லோ, ஸ்பெயினில் ரியோஹாவின் லோபெஸ் தே எரேதியா.

மஸ்கரெல்லோவின் நிலம் மொத்தமே சுமார் 5 ஹெக்டேர், நம் கணக்கில் பன்னிரண்டு ஏக்கர் சொச்சம். கன்னூபி, சான் லொரென்சோ, ரூவே என்ற மூன்று துண்டுகள் பரோலோவிலும், ரோக்கே என்ற நான்காவது பக்கத்து ஊரான லா மோர்ராவிலும் இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் எல்லாரும் தோட்டத்துக்கு ஒரு பாட்டில், பாட்டிலுக்கு ஒரு விலை என்று மாறிய பிறகும் இவர்கள் நான்கின் பழத்தையும் கலந்து, ஊர்ப் பெயரிலேயே விற்கும் பரோலோ ஒயினில் ஒரே ஒரு வகைதான் செய்கிறார்கள். பார்த்தோலோ 2005-இல் காலமானார். இப்போது பார்த்துக்கொள்வது அவர் மகள் மரியா தெரேசா.

எண்பதுகளில் அந்த மலைகளில் ஒரு சண்டை நடந்தது. எலியோ அல்தாரே என்ற இளைஞர் அப்பாவின் பெரிய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிட்டு, 225 லிட்டர் பிடிக்கும் புது ஓக் பீப்பாய்களை இறக்கினார். காரணம் இருந்தது. பரோலோ செய்யும் நெபியோலோ திராட்சையின் துவர்ப்பு லேசுப்பட்டதல்ல. புதுச் சின்னப் பீப்பாய் அதைச் சீக்கிரம் மழுக்கும், கூடவே வெனிலா வாசமும் தரும். ஒயினும் விற்கும். பார்த்தோலோ அசையவில்லை. சாற்றைத் தோலோடு ஒரு மாதத்துக்கும் மேல் ஊறவிட்டு, ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பழைய பீப்பாய்களிலேயே வைத்தார். 'பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்' என்று பின்னாளில் தன் கையால் லேபிளே வரைந்தார். பாரிக் என்பது அந்தச் சின்னப் பீப்பாய். பெர்லுஸ்கோனி இத்தாலியின் பிரதமராக இருந்தவர்.

ரியோஹாவுக்கு வந்தால் கதை தலைகீழ். லோபெஸ் தே எரேதியா 1877-இல் ஆரோ ஊரில் தொடங்கியது. இவர்கள் பயன்படுத்துவதும் அதே 225 லிட்டர் சின்னப் பீப்பாய்தான்! அமெரிக்க ஓக் மரத்தை வரவழைத்து, சொந்தப் பட்டறையிலேயே பீப்பாய் செய்கிறார்கள். ஆனால் பீப்பாய்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பழசானவை. மரத்தில் வாசம் மிச்சமில்லை, மெல்லக் காற்று மட்டும் புகும். ஆக, பழைய முறை என்பதைப் பீப்பாயின் அளவை வைத்துச் சொல்ல முடியாது. மரத்தின் ருசி ஒயினில் ஏறக்கூடாது என்பதில் இரண்டு வீடும் ஒரே கட்சி.

எங்கே பிரிகிறார்கள் என்றால், யார் காத்திருப்பது என்பதில். பரோலோவுக்குச் சட்டப்படி 38 மாதம் பக்குவம், அதில் 18 மாதம் மரத்தில். அதை முடித்துக் கடைக்கு வரும் நல்ல ஆண்டின் பாட்டிலைத் திறந்தால், கொட்டைப்பாக்கு மென்றது போல வாய் வறண்டு போகும். ரோஜாவும் தாரும் கலந்த அந்தப் பேர்போன வாசம் முழுசாக விரிய இன்னும் பத்து வருடமாவது ஆகும். அந்தப் பத்து வருடம் உங்கள் பொறுப்பு. நிலவறையும் 13 டிகிரிக் குளிர்ச்சியும் உள்ளவருக்குச் சரி. மே மாத வெயிலில் வேகும் அடுக்குமாடி அலமாரியில் வைத்தால் காசைக் கரைத்தது போலத்தான்.

ரியோஹாவில் லேபிளில் 'ரெசெர்வா' என்று போட மூன்று வருடப் பக்குவம் போதும், அதில் பீப்பாயில் ஒரு வருடம். லோபெஸ் தே எரேதியா தன் தோந்தோனியா தோட்டத்தின் பெயரில் செய்யும் வீனா தோந்தோனியா ரெசெர்வா பீப்பாயில் மட்டுமே ஆறு வருடம் இருக்கிறது. முட்டை வெள்ளைக் கருவால் தெளியவைத்து, பாட்டிலிலும் சில வருடம் படுக்கவைத்து, அறுவடையிலிருந்து பத்து வருடம் போல ஆன பிறகே வெளியே விடுகிறார்கள். நிலவறையில் ஒட்டடை அடிப்பதில்லை. கார்க்கை அரிக்கும் அந்துகளைச் சிலந்திகள் பார்த்துக்கொள்ளும். வாங்கிய அன்றே குடிக்கலாம்: காய்ந்த செர்ரி, தோல் பை, கொஞ்சம் புகையிலை, சுறுசுறுப்பான புளிப்பு. அவசரக்காரனான என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு குறையும் சொல்லிவிட வேண்டும். தோந்தோனியா தோட்டம் மட்டுமே சுமார் 100 ஹெக்டேர். இதைச் 'சிறிய' என்பது நியாயமில்லை. குடும்பம், பிடிவாதம் என்ற இரண்டுதான் பொருந்தும். அளவுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் மஸ்கரெல்லோ ஜெயிக்கிறார். ஆனால் அந்தப் பாட்டில் கண்ணில் படுவதே அபூர்வம், பட்டால் விலை தோந்தோனியாவைப் போல் சில மடங்கு. நெபியோலோ ஆசை விடவில்லையென்றால் பரோலோவுக்குப் பக்கத்திலேயே பார்பரெஸ்கோ ஊரின் கூட்டுறவு, புரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோவைப் பாருங்கள். 1958-இல் ஊர்ப் பாதிரியார் 19 விவசாயக் குடும்பங்களைச் சேர்த்து ஆரம்பித்தது. நெபியோலோ மட்டும், பெரிய பீப்பாய் மட்டும், விலையும் அடக்கம். பரோலோ அளவுக்குக் காக்கவும் வைக்காது.

அப்புறம், காத்திருப்பே வேண்டாம் என்பவர்களுக்கு பிரான்ஸின் போஜொலே பகுதியில் மோர்கோன் என்ற ஊரின் ஒயின் இருக்கிறது. மார்செல் லாப்பியேர் குடும்பத்தின் ஒயின் இளசாகவே நன்றாக இருக்கும், லேசாகக் குளிரவைத்துக் குடிக்கலாம். ஆனால் கெடாமலிருக்கப் போடும் கந்தகமே சேர்க்காத பாட்டிலை எடுத்தால் அது சூடு தாங்காது. விமானம், டாக்ஸி, சென்னை என்ற பயணத்துக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள்.

ஆக, பையில் தோந்தோனியா சிவப்பு ஒன்று, பார்பரெஸ்கோ ஒன்று. தோந்தோனியா விலை இடித்தால் அதே வீட்டின் வீனா குபியோ. பெயருக்கு ரெசெர்வாவுக்குக் கீழே உள்ள 'கிரியான்சா' என்ற படிதான், ஆனாலும் பீப்பாயில் மூன்று வருடம் இருந்தது. கடைக்காரர் தோந்தோனியா வெள்ளையை நீட்டினால் யோசியுங்கள். அதுவும் ஆறு வருடம் மரத்தில் கிடந்து, வறுத்த வேர்க்கடலையும் தேன்மெழுகுமாக மணக்கும். எனக்கு உயிர், என் வீட்டில் மற்றவர்கள் கெட்டுப்போய்விட்டது என்றார்கள். 2 லிட்டரில் இன்னும் அரை லிட்டர் பாக்கி இருக்கிறதல்லவா, 375 மில்லி பாட்டில் எதுவாவது கண்ணில் பட்டால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.