மெட்டோப்ரோலாலுடன் ஆறு வருடம்

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு எடுத்த எக்கோவில் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான் இருந்தது. அப்போது ஆரம்பித்த மெட்டோப்ரோலால் சக்சினேட் என்ற, இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை இன்றுவரை விடவில்லை.

முதலில் 12.5 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் ஏற்றினார்கள். முதல் ஒன்றரை மாதம் மாத்திரையைத் திட்டிக்கொண்டேதான் விழுங்கினேன். மாடிப்படி ஏறினால் கால் கனக்கும், பகலெல்லாம் அசதி. பலவீனமான இதயத்தை இன்னும் மெதுவாக்கவா மருந்து என்று தோன்றியது. மருத்துவ உலகமே நெடுங்காலம் அப்படித்தான் பயந்தது. இதயம் பலவீனமானவர்களுக்கு இவ்வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்து 1999இல் வெளியான சிபிஸ்-2, மெரிட்-எச்எஃப் ஆய்வுகள்தான் அந்தப் பயத்தைப் பெருமளவு போக்கின. மெரிட்டில் கொடுத்தது என் மாத்திரையைத்தான்.

மூச்சு வாங்கும் மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவதுபோல, தளர்ந்த இதயத்தை அட்ரினலின் விரட்டிக்கொண்டே இருக்கிறது. பீட்டா பிளாக்கர் அந்தக் குச்சியைப் பிடித்துக்கொள்கிறது. துடிப்பு குறைந்தால் ஆக்சிஜன் தேவையும் குறையும். இதயத்தசைக்கான ரத்தம் பெரும்பாலும் அது தளரும் நொடியில்தான் பாய்கிறது; அந்த நொடியும் நீளும்.

ஏழாம் மாத எக்கோவில் 47. கூடவே மற்ற மாத்திரைகளும் இருந்தன, முழுப் பெருமையும் இதற்கே என்று சொல்ல மாட்டேன்.

இப்போது நாடித்துடிப்பு 58 வாக்கில். நடைப்பயிற்சியில் கைக்கடிகாரம் சொல்லும் இலக்குத் துடிப்பு எனக்கு எட்டவே எட்டாது. பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்றுதான் பார்க்கிறேன். விரல்கள் சில்லிடும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எனக்குச் சர்க்கரையும் உண்டு: சர்க்கரை இறங்கும்போது முன்பு வந்த படபடப்பு இப்போது வருவதில்லை, வியர்வையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

ஒரு பயணத்தில் மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் விட்டுப்போனது. மூன்றாம் நாள் காலை நெஞ்சு அடித்துக்கொண்ட வேகமும் கூடவே வந்த இறுக்கமும் மறக்காது. சட்டென்று நிறுத்தினால் இப்படித் திருப்பி அடிக்கும் என்று அப்புறம்தான் டாக்டர் விளக்கினார். இப்போது பையில் எப்போதும் ஓர் அட்டை கூடுதலாக இருக்கும்.

மெதுவாகக் கரையும் மாத்திரை இது. கோட்டில் இரண்டாக உடைக்கலாம், நசுக்கவோ மெல்லவோ கூடாது. ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பம்பிங் 50க்கு மேல் இருப்பவர்களுக்கு மாரடைப்புக்குப் பிறகு இதனால் பெரிய பலன் தெரியவில்லை என்று 2024இல் ரெட்யூஸ்-ஏஎம்ஐ ஆய்வு சொன்னது. அதைக் காட்டி டாக்டரிடம் கேட்டேன். "அது 35இல் ஆரம்பித்தவருக்கு இல்லை" என்று சொல்லி அதே சீட்டை எழுதிக் கொடுத்தார்.