மேட் பைக்குக்கு எது: ஸ்பிரேயா, செராமிக்கா, பிபிஎஃப்பா?

பைக் வாங்கி நாலு மாதம்கூட ஆகியிருக்காது. பக்கத்துத் தெரு வாட்டர் சர்வீஸில் விட்டிருந்தேன். "மேட் கலர் தம்பி, பாலிஷ் வேண்டாம்" என்று சொல்லித்தான் விட்டேன். கை பழக்கம் விடுமா? சைடு பேனலில் பாலிஷ் தடவித் தேய்த்துவிட்டான். உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு திட்டு, இன்றுவரை இருக்கிறது. "நல்லாத்தானே சார் மின்னுது?" என்றான். மின்னக் கூடாது என்றுதான் அந்த நிறத்தையே வாங்கினேன் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

அந்தத் திட்டு ஏன் போகாது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. பெயின்ட்டின் மேல் அடிக்கும் கிளியர் கோட்டில் சிலிகா போன்ற நுண்துகள்களைக் கலந்து, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளத்தை உண்டாக்குகிறார்கள். விழும் வெளிச்சம் சிதறிவிடுவதால் மினுக்கம் இல்லை. பாலிஷ் அந்த மேட்டைத் தேய்த்துச் சமமாக்குகிறது. வாக்ஸ் பள்ளத்தை நிரப்புகிறது. வாக்ஸையாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து ஓரளவு எடுக்கலாம். தேய்ந்த மேடு திரும்பி வராது. அந்தப் பாகத்துக்கு மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி. பளபளப்பான பைக்கில் மெல்லிய கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு மறைக்கலாம். நமக்கு அந்தக் கதவு மூடியாயிற்று.

டெலிவரி நாளன்று 'டெஃப்லான் கோட்டிங் போட்டுடலாமா சார்?' என்று கேட்பார்கள். மெஷின் வைத்துத் தேய்க்கிற வேலை என்றால், மேட் பைக்குக்கு வேண்டவே வேண்டாம்.

மேட் பெயின்ட்டைக் காக்க மிச்சமிருப்பவை மூன்று. முதலாவது, மேட் பெயின்ட்டுக்கென்றே வரும் ஸ்பிரே. கழுவிக் காய்ந்த பைக்கில் அடித்து மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றித் துடைத்தால் வேலை முடிந்தது. தூசி எளிதில் துடைபடும், தண்ணீர் ஒட்டாது. சில வாரங்களில் தேய்ந்து போகும். மறுபடி அடிக்க வேண்டும். கீறலைத் தடுக்காது, தடுப்பதாகச் சொல்வதும் இல்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது செராமிக், அதாவது திரவமாகப் பூசினால் பெயின்ட்டின் மேல் கெட்டியாகிவிடும் பூச்சு. இதைத்தான் அதிகம் தள்ளிவிடுகிறார்கள். '9ஹெச் கடினம், கீறலே விழாது' என்பார்கள். அந்த 9ஹெச் பெரும்பாலும் பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. சாவிக்கொத்துக்கும் ஜீன்ஸ் பட்டனுக்கும் அது அடங்காது. செராமிக் நன்றாகச் செய்வது வேறு: சேறு எளிதில் கழன்றுவிடும், பறவை எச்சம் பெயின்ட்டை அரிப்பதற்கு முன் துடைக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஆனால் மேட் பெயின்ட்டில் இரண்டு சிக்கல். பூசும்போது ஓரிடத்தில் கூடுதலாகத் தங்கிக் கெட்டியாகிவிட்டால், பளபளப்பான வண்டியில் அதைப் பாலிஷ் போட்டு எடுப்பார்கள். இங்கே அது முடியாது, பூசியவரின் தவறு வண்டியிலேயே தங்கிவிடும். இன்னொன்று, முத்து முத்தாக நிற்கும் தண்ணீர் போர்வெல் தண்ணீராக இருந்து வெயிலில் காய்ந்தால், ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுப் போகும். பல ஆயிரம் செலவழித்து வளையம் எண்ணிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. தினமும் புழுதியில் ஓடும் வண்டி, பூசுபவருக்கு மேட் பெயின்ட்டில் அனுபவமும் உண்டு என்றால் சரி, போடலாம்.

மூன்றாவது பிபிஎஃப், அதாவது பெயின்ட்டின் மேல் ஒட்டும் தெளிவான ஃபிலிம். பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் தடிமன். சிறு கல், சாவி, முழங்கால் உரசல் எல்லாவற்றையும் தான் வாங்கிக்கொள்ளும். கெட்டுப்போனால் உரித்துப் புதிதாக ஒட்டலாம். மூன்றில் உண்மையான கவசம் இதுதான். விலையும் அதற்கேற்ப. டிபியு என்ற, ரப்பர்போல் இழுபடும் பிளாஸ்டிக் ஃபிலிமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான பிவிசி வெயிலில் மஞ்சளாகிவிடும். ஃபிலிமும் மேட்டாகவே இருக்க வேண்டும், பளபளப்பானதை ஒட்டினால் உங்கள் பைக்கும் பளபளப்பாகிவிடும். டேங்க்கின் வளைவில் ஒட்டுவது லேசான வேலை இல்லை. ஓரத்தை வண்டியின் மேலேயே பிளேடு வைத்து வெட்டினால் பெயின்ட்டும் கீறலாம், ஒட்டுபவர் அப்படிச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

என் பைக்கில் முழங்கால் படும் டேங்க்கின் இரு பக்கமும் மட்டும் மேட் பிபிஎஃப். அங்கேதான் துணி உரசி உரசி மேட் முதலில் மினுங்கத் தொடங்கும். மற்ற இடத்துக்கு ஸ்பிரே. செராமிக் போடவில்லை.

இதில் எதைப் போட்டாலும் கழுவும் முறை கெட்டால் காசு வீண். வீட்டு ஆர்ஓ கழிவுத் தண்ணீரைச் சேர்த்து வைத்து வண்டி கழுவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தண்ணீரை மிச்சப்படுத்துவது நல்ல குணம்தான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மேட் பைக்குக்கு அது ஆகாது. நிழலில் கழுவி, காயவிடாமல் உடனே ஒற்றி எடுங்கள். எச்சம் காய்ந்திருந்தால் ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவிடுங்கள், சுரண்ட வேண்டாம். தூசி படிந்த வண்டிக்குக் கவர் போட்டால், காற்றில் அந்தக் கவரே உப்புக்காகிதம்போல் தேய்க்கும்.

அப்புறம் பெட்ரோல் பங்க். தானாக நின்ற பிறகும் கணக்கை ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் பிடிப்பார்கள். மூடியைச் சுற்றி வழிந்தால் உடனே ஒற்றி எடுத்துத் தண்ணீரால் துடைக்க வேண்டும், காய்ந்தால் கறை. நான் இப்போதெல்லாம் 'போதும்ணே' என்று கொஞ்சம் முன்னாடியே கத்திவிடுகிறேன்.