ஃபுட்பால் மேனேஜர் 2024 ரிவ்யூ: அந்த லெஸ்டர் மேட்ச்சை நான் அப்படி விட்டிருக்கக் கூடாது

எபிக் ஸ்டோர்ல 2024 செப்டம்பர்ல ஒரு வாரம் இந்த கேமை ஃப்ரீயா குடுத்தாங்க, அப்ப சும்மா எடுத்துப் போட்டது. ஓசில வந்ததுதானேன்னு மூணு மாசம் தொடவே இல்ல. டிசம்பர் லீவுல ஒருநாள் திறந்தேன், அன்னிக்கு போன தூக்கம் இன்னும் திரும்பி வரல. இப்ப 26 வரைக்கும் வந்தாச்சு (25 வரவே இல்ல, 2025 பிப்ரவரில கேன்சல் பண்ணிட்டாங்க), ஆனா என் லேப்டாப் இருக்குற லட்சணத்துக்கு 24 போதும். அதனால ரொம்ப லேட்டான ரிவ்யூதான், திட்டாதீங்க.

தெரியாதவங்களுக்கு: இதுல நீங்க பந்தை உதைக்க மாட்டீங்க. நீங்க மேனேஜர். ஆளை வாங்கணும், விக்கணும், ட்ரெயினிங் போடணும், யார் இறங்கணும்னு முடிவு பண்ணணும், அப்புறம் ஓரமா நின்னு நகம் கடிக்கணும். அவ்ளோதான் கேம். கேக்க போரா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

நான் எடுத்தது பிரஸ்டன். 1888-89ல நடந்த முதல் இங்கிலீஷ் லீக்கை ஒரு மேட்ச் கூட தோக்காம ஜெயிச்ச கிளப், ஆனா 1961ல கீழ இறங்குனதுக்கு அப்புறம் டாப் டிவிஷன் பக்கமே போகல. பாவமா இருந்துச்சு, எடுத்துட்டேன். இந்த கேம்ல அவங்க ஆடுறது சாம்பியன்ஷிப், அதாவது பிரீமியர் லீக்குக்கு ஒரு படி கீழ. அதுல 24 டீம், ஆளுக்கு 46 மேட்ச், முதல் ரெண்டு டீம் நேரா பிரீமியர் லீக், மூணுல இருந்து ஆறு வரைக்கும் பிளே ஆஃப், அதுல ஜெயிக்குற ஒரு டீமும் மேல போகும். அந்த ஆறாவது எடத்துக்கு நடக்குற அடிதடிதான் இந்த கேமோட உயிர்னு நான் சொல்லுவேன்.

முதல் சீசன் ஏப்ரல். நான் ஏழாவது, ஹல் ஆறாவது, ரெண்டு பாயிண்ட் வித்தியாசம், பாக்கி அஞ்சு மேட்ச். ஒன்பது பேருக்கு இஞ்சுரி. மெடிக்கல் சென்டர் பக்கத்தைத் திறந்தா மிச்சம் இருக்குறவங்கள்ல பாதிப் பேருக்கு ரிஸ்க் அதிகம்னு காட்டுது, ஹாம்ஸ்ட்ரிங் எப்ப வேணா புடிச்சுக்கும். சனிக்கிழமை லெஸ்டர் ஊர்ல லெஸ்டர் கூட, அவங்க டேபிள் டாப். செவ்வாய்க்கிழமை நம்ம ஊர்ல ஹல் கூட. இதுக்கு மேல என்ன யோசிக்கணும், லெஸ்டரை எப்படியும் ஜெயிக்கப் போறதில்ல, அதை விட்டுட்டு ஹல்லைப் புடிப்போம்னு பதினெட்டு பத்தொம்பது வயசுப் பசங்களா பொறுக்கி எறக்கிட்டேன், கோல்கீப்பர் உட்பட.

5-0. இன்ஸ்டன்ட் ரிசல்ட்னு ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா மேட்ச் பாக்காமலே முடிவு வந்துடும். நான் அமுக்கல, செஞ்ச பாவத்துக்கு உக்காந்து முழுசா பாத்தேன். அந்தப் பசங்க நடுவுல எவ்ளோ தொலைஞ்சு போய் நின்னாங்கன்னு பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. மேட்ச் முடிஞ்சு வந்தா, ரெஸ்ட் குடுத்த என் ஸ்ட்ரைக்கரே என்னை ஏன் எடுக்கலன்னு மூஞ்சியத் தூக்கிட்டு நிக்குறான். டேய் உனக்காகத்தான்டா செஞ்சேன்!

செவ்வாய்க்கிழமை ஹல்லை 1-0 ஜெயிச்சோம். ஆகா நாமதான்டா மேனேஜர்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். கடைசி நாள் டேபிளைப் பாத்தா நானும் கோவென்ட்ரியும் ஆளுக்கு 71 பாயிண்ட், கோல் டிஃபரன்ஸ்ல (அடிச்ச கோல்ல இருந்து வாங்குன கோலைக் கழிச்சா வர்றது) எனக்கு ரெண்டு கோல் கம்மி, நான் ஏழாவது. லெஸ்டர் கிட்ட 2-0னு தோத்திருந்தா நான் உள்ள.

கேம்ல மட்டும்தான் இப்படி நடக்கும்னு நினைக்காதீங்க. 2019-20 சீசன்ல நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் ஸ்வான்சீயும் 70 பாயிண்ட்ல முடிச்சாங்க. கடைசி நாள் ஃபாரஸ்ட் சொந்த மைதானத்துல ஸ்டோக் கிட்ட 4-1 தோக்க, ஸ்வான்சீ ரெடிங்கைப் போய் 4-1 அடிக்க, ஒரே ஒரு கோல் வித்தியாசத்துல ஸ்வான்சீ ஆறாவது. கோல் டிஃபரன்ஸை லேசா நெனச்சவன் கெட்டான்.

மேட்ச்சை விட்டுக்கொடுக்குறதே தப்பான்னு கேட்டா, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2009 டிசம்பர்ல வுல்வ்ஸ் மேனேஜர் மிக் மெக்கார்த்தி இதைத்தான் பண்ணாரு. டாட்டன்ஹாமை ஜெயிச்ச டீம்ல பத்து பேரை மாத்திட்டு ஓல்ட் டிராஃபோர்டுல மான்செஸ்டர் யுனைடெட் கூட இறங்கி 3-0 தோத்தாரு. காசு குடுத்து வந்த ரசிகர்கள் கத்துனாங்க, லீக் 25,000 பவுண்ட் அபராதம் போட்டுட்டு, இப்போதைக்குக் கட்ட வேணாம்னு நிறுத்தி வச்சது. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை பர்ன்லியை 2-0 அடிச்சு, சீசன் முடிவுல 15வது எடத்துல தப்பிச்சாங்க. மறு வருஷம் பிளாக்பூல் மேனேஜர் இயன் ஹாலவே ஆஸ்டன் வில்லா கூட அதே மாதிரி பத்து பேரை மாத்துனாரு, 3-2 தோல்வி, கடைசி நிமிஷத்துல வாங்குன கோல், அந்த கிளப்புக்கும் 25,000 அபராதம், சீசன் முடிவுல கீழ இறங்கிட்டாங்க. எனக்குத் தோணுறது என்னன்னா, வில்லா ஒண்ணும் ஜெயிக்க முடியாத டீம் இல்லயே, ரெண்டாம் டீமே அவ்ளோ கிட்ட போச்சுன்னா மெயின் ஆளுங்க ரெண்டு பேரு கூட இருந்திருந்தா ஒரு பாயிண்ட்டாவது தேறியிருக்கும். யுனைடெட் கிட்ட விட்டது வேற, வில்லா கிட்ட விட்டது வேற.

இந்த கேம் எனக்குப் புடிச்சதுக்குக் காரணமே இதுதான். எது சரின்னு சொல்லித் தராது. அசிஸ்டென்ட் ஒரு யோசனை சொல்லுவான், அவ்ளோதான், அடி வாங்குறது நாம. ரெண்டாவது சீசன்ல மார்ச்ல அதே நிலைமை வந்தப்ப கோல்கீப்பரையும் ரெண்டு சென்டர் பேக்கையும் தொடல. முன்னாடி ஆடுறவங்களுக்கு மட்டும் ரெஸ்ட், பின்னாடி அஞ்சு பேரை நிறுத்தி கதவைச் சாத்திட்டேன், அஞ்சு சப் இருக்கு, 60 நிமிஷம் வரைக்கும் 0-0னா மெயின் ஸ்ட்ரைக்கரை உள்ள விடுறதுன்னு பிளான். 70வது நிமிஷம் ஒண்ணு வாங்கி 1-0 தோத்தேன், ஆனா அந்தத் தோல்விக்கு நான் அழல. சீசன் ஆறாவதா முடிச்சு, பிளே ஆஃப் செமி ஃபைனல்ல பெனால்டில போச்சு. அது வேற அழுகை.

வாங்கலாமான்னு கேட்டா, ஆபீஸ் முடிஞ்சு அரை மணி நேரம் ஜாலியா ஏதாவது ஆடணும்னா இது வேணாம், அரை மணி நேரத்துல ஒரு பிரஸ் மீட்தான் முடியும். எக்செல் ஷீட்டைப் பாத்தா அலர்ஜின்னாலும் வேணாம். கிரிக்கெட்ல பிளேயிங் லெவனுக்காக வீட்ல சண்டை போடுற ஆளா நீங்க, கண்டிப்பா எடுங்க. 3டி மேட்ச் ஓடும்போது என் லேப்டாப் ஃபேன் கிரைண்டர் மாதிரி சத்தம் போடுது, அது லேப்டாப்போட வயசு, கேமைக் குறை சொல்ல முடியாது.

இப்ப மூணாவது சீசன், பிப்ரவரி. மறுபடியும் ஏழு பேர் படுக்கைல, சனிக்கிழமை லீட்ஸ் ஊர்ல மேட்ச். கோல்கீப்பரை மட்டும் மாத்த மாட்டேன்.