துபாயா, சிங்கப்பூரா: சிக்கனப் பயணிக்கு எது ஏற்றது?

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு விமான நிலையத்தை அடைந்துவிட்டால் இரண்டு நகரங்களுக்கும் நேரடி விமானங்கள் உண்டு. ஆகவே உண்மையான செலவு வேறுபாடு போய் இறங்கிய பிறகுதான் தெரியவரும்.

தங்குமிடத்தில் துபாய் கைகொடுக்கும். பழைய நகரமான தேரா, பர் துபாய் பகுதிகளில் எளிய விடுதிகள் ஏராளம். பர் துபாயிலிருந்து ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா எனப்படும் மரப்படகில் ஏறி, பலகையில் பிறரோடு தோள் உரச அமர்ந்தால், சில நிமிடங்களில் கழிமுகத்தைக் கடந்து மசாலாக் கடைத்தெருவின் அருகே இறங்கலாம். 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவின் மேல்தளக் கட்டணம் கையைக் கடிக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கக் காசு வேண்டாம்.

சிங்கப்பூரில் அறை வாடகை அதிகம்தான். ஆனால் தேக்கா நிலையம் போன்ற உணவங்காடிகளில் குறைந்த செலவில் வயிறார உண்ணலாம், குழாய் நீரையே குடிக்கலாம், கரையோரப் பூந்தோட்டங்களில் மாலைதோறும் நடக்கும் ஒளிக்காட்சியை இலவசமாகக் காணலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழி என்பதால், முதன்முறை வெளிநாடு செல்லும் பெற்றோருக்கு அறிவிப்புப் பலகைகள் பலவும் அந்நியமாகத் தோன்றா.

பெற்றோருடன் செல்வோருக்குச் சிங்கப்பூரையே பரிந்துரைக்கிறேன். தனியாகவோ நண்பர்களுடனோ செல்வோர் துபாயைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை மட்டுமே. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் நடந்து ஊர் பார்க்க முடியாமல், மிச்சம் பிடித்த பணமெல்லாம் வாடகைக் காருக்கே போய்விடும்.